விலை பேசிய நாளிலிருந்து உறுதி முடியும் நாள் வரை

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்றனர் முன்னோர். வீட்டை வாங்கிப்பார் என்று அவர்கள் கூறவில்லை. காணியும் வீடும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய காலத்தில் அதற்கான தேவை குறைவாக இருந்திருக்கக் கூடும். இன்று நிலைமை வேறு. மத்திய கிழக்கில் உழைத்த பணம், ஓய்வூதியப் பணிக்கொடை, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய தொகை, வங்கிக் கடன் ஆகிய யாவும் சேர்ந்துதான் ஒரு குடும்பத்தின் வீடாகின்றன. அவ்வாறு வாங்க முனைவோர் யாவரும் கேட்கும் முதற் கேள்வி, விலை ஒத்துக்கொள்ளப்பட்ட பின்னர் வீடு கைக்கு வர எத்தனை நாட்கள் செல்லும் என்பதே. கேள்வி எளிமையானது. ஆனால், அதற்கான பதில் நம் நாட்டின் காணி நிருவாகத்தினதும் அண்மைக்கால வரலாற்றினதும் குறைகளை ஒருங்கே காட்டுவதாக உள்ளது.

உலக வங்கி 2021 வரை நடத்திவந்த, வணிகம் செய்வதற்கான இலகுத்தன்மை பற்றிய ஆய்வு, இலங்கையில் ஆதனமொன்றை வாங்கிப் பதிவு செய்வதற்குச் சுமார் 40 நாட்கள் தேவை எனத் தனது இறுதி அறிக்கைகளில் மதிப்பிட்டிருந்தது. ஆனால், அக்கணிப்பு எத்தகைய ஆதனத்துக்கு உரியது என்பதைக் கவனித்தல் வேண்டும். உரித்தில் எவ்விதப் பிணக்குமற்ற, ஈடு வைக்கப்படாத, ஒரு நிறுவனம் மற்றொரு நிறுவனத்துக்கு விற்கும் களஞ்சியக் கட்டடமொன்றே அங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டது. தகப்பனின் பெயரில் உறுதி, தாயின் பெயரில் சோலைவரி, பிள்ளைகள் நால்வர் நான்கு நாடுகளில் என்றவாறான நமது வீடுகளுக்கு அந்த 40 நாட்கள் பொருந்துமென எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இவ்விடத்தில் முதலில் தெளிவு பெறவேண்டியது, விலை பேசி முடித்த பின்னர் வாங்குபவருக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு உண்டு என்பதாகும். வாய்ச்சொல்லுக்கு எவ்விதப் பாதுகாப்பும் இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. காணி விற்பனை மட்டுமன்றி, விற்பதாகக் கொடுக்கப்படும் வாக்குறுதியும் எழுத்திலமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் ஒரே நேரத்தில் சமுகமளித்த குறைந்தது இரு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்டாலன்றி அது சட்டத்தில் செல்லுபடியாகாது என்கின்றது அச்சட்டம். ஆகவே, வெற்றிலை பாக்கு மாற்றியதும், கைத்துண்டில் எழுதி அச்சாரம் கொடுத்ததும் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பதற்குச் சான்றாகலாம்; வீட்டைக் கேட்பதற்குச் சான்றாகமாட்டா. இதனை அறியாது விலையின் பெரும்பகுதியை முற்பணமாகக் கொடுத்துவிட்டுக் காத்திருப்போர் பலர். ஆவணங்களைப் பார்ப்பதற்குப் பல வாரங்கள் தேவையெனில், நொத்தாரிசு மூலம் விற்பனை உடன்படிக்கையொன்றை எழுதி, அதனைக் காணிப் பதிவகத்தில் பதிந்துகொள்வதே தகுந்த வழியாகும். அவ்வாறு பதியப்பட்டிருப்பின், பின்னர் அதே வீட்டை வாங்க வரும் மற்றொருவர் தமக்கு எதுவும் தெரியாது என்று கூறித் தப்புவது கடினம்.

உறுதியொன்றை எழுதுவதற்கு ஒரு நாள் போதும். கையொப்பமிடுவதற்கு ஒரு மணித்தியாலம் போதும். காலத்தை எடுப்பது அதற்கு முன்னைய வேலைகளே. காணிப் பதிவகத்தில் வழமையாக 30 ஆண்டுகளுக்குக் குறையாத உரித்து வரலாறு தேடப்படல் வேண்டும். நில அளவையாளரின் வரைபடம் உறுதியிலுள்ள எல்லைகளுடன் பொருந்துகின்றதா எனப் பார்க்கப்படல் வேண்டும். மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையிலிருந்து வீதி எல்லை பற்றிய சான்றிதழும், வரி நிலுவைக்காக ஆதனம் சபைக்கு உடைமையாக்கப்படவில்லை என்ற சான்றிதழும் பெறப்படல் வேண்டும். கட்டடம் அங்கீகரிக்கப்பட்ட திட்டத்துக்கு அமையக் கட்டப்பட்டதா என்பதும் ஆராயப்பட வேண்டியது. வங்கிக் கடனெனில் மதிப்பீடு, சட்டத்தரணியின் உரித்து அறிக்கை, ஈட்டு உறுதி என மேலும் பல வாரங்கள் செல்லும். விற்பவரின் வீடு வேறொரு வங்கியில் ஈட்டிலிருப்பின் அதனை மீட்டெடுக்கும் காலமும் சேரும். இவை எல்லாம் ஒழுங்காக நடைபெற்றால் இரண்டு மூன்று மாதங்களில் அலுவல் நிறைவேறக் கூடும்.

ஆனால், பெரும்பாலான இழுபறிகள் அலுவலகங்களில் அல்ல, குடும்பங்களுக்குள்ளேயே ஆரம்பமாகின்றன. முஸ்லிம் குடும்பமொன்றில் தகப்பன் மனைவியையும் இரு ஆண் மக்களையும் ஒரு பெண்ணையும் விட்டு இறந்தால், 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் பங்கீட்டின்படி, வீடு 40 பங்குகளாகும். மனைவிக்கு 5, ஆண் மக்கள் ஒவ்வொருவருக்கும் 14, பெண்ணுக்கு 7 எனப் பிரியும். இவர்களுள் ஒருவர் இறந்துவிட்டால் அவரது பங்கு மீண்டும் உடையும். விலை பேசியவர் மூத்த மகன். ஆனால், அவரால் தனித்து விற்க முடிவது 14 பங்குகளை மட்டுமே. தேசவழமைக்குட்பட்ட காணிகளில் இதைவிட மற்றுமொரு சிக்கலுண்டு. பிரிபடாத பங்கொன்றை வெளியார் ஒருவருக்கு விற்க முன்னர், கூட்டுப் பங்காளருக்கும் குறிப்பிட்ட உரித்தாளருக்கும் அறிவித்தல் கொடுக்கப்படல் வேண்டும். 1947ஆம் ஆண்டின் தேசவழமை முன்னீட்டுரிமைக் கட்டளைச் சட்டம் இதனை வகுத்துள்ளது. அறிவித்தலின்றி வாங்கியவர், பின்னர் பங்காளரின் வழக்குக்கு முகங்கொடுக்க நேரிடும். பங்காளர் இணங்காவிடின், எஞ்சியிருப்பது 1977ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழான வழக்கு. அத்தகைய வழக்குகளைத் தொடங்கியவரின் பிள்ளைகளே தீர்ப்பைக் கேட்டமை நமது நீதிமன்றங்களில் புதுமையன்று.

போர் இச்சிக்கல்களைப் பன்மடங்காக்கியது. இடம்பெயர்ந்தோர் பலர் உறுதிகளை இழந்தனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட 70 ஆயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம்கள் உடுத்த உடையுடனும் கையிற் கிடைத்த சிறு பொதியுடனும் புத்தளத்தையும் பிற இடங்களையும் அடைந்தனர். உறுதி தொலைந்ததால் உரிமை தொலைந்துவிடுவதில்லை. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்கின்றது. மூலப்படி நொத்தாரிசிடமே இருக்கின்றது. அவற்றிலிருந்து பிரதி பெறலாம். எனினும், வருடக்கணக்கில் ஆளில்லாதிருந்த காணிகளில் பிறர் குடியேறிய நிலையில், 10 வருட எதிரிடை ஆட்சியால் உரிமை கோருவதற்கு 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இடமளித்தது. இந்த அநீதியைத் தணிக்கவே, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிற் கொள்ளாது விடும் விசேட சட்டம் 2016 இல் நிறைவேற்றப்பட்டது. அதன் கீழ் வழக்கிடுவதற்கு வழங்கப்பட்ட அவகாசமோ இரு வருடங்கள் மட்டுமே. அதனை அறிந்து பயன்படுத்தாதோரின் காணிகளை இன்று வாங்க முனைபவர், உறுதியை மட்டுமன்றி, அக்காணியில் யார் எவ்வளவு காலம் இருந்தனர் என்பதையும் நேரிற் சென்று விசாரித்தல் அவசியமாகின்றது.

வன்னியிலும் கிழக்கின் பல பகுதிகளிலும் வேறொரு பிரச்சினை உண்டு. அங்கு மக்கள் வாழும் காணிகளிற் பல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப் பத்திரக் காணிகளாகும். அவற்றைத் தனியார் காணி போன்று உறுதி எழுதி விற்க முடியாது. கடதாசியில் எழுதிக் கைமாற்றப்படும் இத்தகைய வீடுகளில் ஒரே நாளில் குடிபுகலாம். ஆனால், கொள்வனவு எந்நாளும் பூர்த்தியாவதில்லை.

விற்பவர் வெளிநாட்டிலிருந்தால், அங்கு எழுதப்படும் அற்றோர்னித் தத்துவம் உரிய முறையில் உறுதிப்படுத்தப்பட்டு இங்கு பதியப்படுவதற்குக் காலம் செல்லும். தத்துவம் கொடுத்தவர் உயிருடன் உள்ளாரா என்பதையும் உறுதிப்படுத்தல் வேண்டும். அவர் இறந்துவிடின் தத்துவமும் இறந்துவிடுகின்றது. வாங்குபவர் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரெனில், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி பராதீனப்படுத்தல் மட்டுப்பாட்டுச் சட்டம் குறுக்கே நிற்கின்றது. இரட்டைக் குடியுரிமை உள்ளோருக்கு அத்தடை இல்லை. இதனை முன்கூட்டியே அறியாது பணத்தை அனுப்பிவிட்டு, பின்னர் உறவினர் ஒருவரின் பெயரில் உறுதியை எழுதி உறவையும் வீட்டையும் சேர்த்து இழந்தோர் நம்மிடையே உள்ளனர்.

கையொப்பமிட்டவுடன் யாவும் முடிந்துவிட்டதென எண்ணுவதும் தவறு. நொத்தாரிசு ஒவ்வொரு மாதமும் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அதுவே பதிவு எனப் பலர் நம்புகின்றனர். அது பதிவன்று. உறுதி தனியாகச் சமர்ப்பிக்கப்பட்டுப் பதிவேட்டில் ஏற்றப்படல் வேண்டும். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியப்படாத உறுதியானது, அதே ஆதனத்தைப் பின்னர் பெறுமதி கொடுத்து வாங்கி முதலிற் பதிந்தவரின் உறுதிக்கு எதிராக வலுவற்றதாகும். அவரது மோசடியோ கூட்டுச் சதியோ நிரூபிக்கப்பட்டாலன்றி இதுவே நிலை. ஆகவே, உறுதி முடிந்த நாளுக்கும் பதிவு நாளுக்கும் இடையிலான சில தினங்களே முழுக் கொள்வனவிலும் மிக ஆபத்தானவை.

இவ்விடத்தில் தீய வழக்கமொன்றையும் குறிப்பிடாதிருக்க முடியாது. விற்பனை உறுதிக்கு முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதமும் எஞ்சிய தொகைக்கு 4 வீதமும் முத்திரைத் தீர்வை அறவிடப்படுவதால், உறுதியில் விலையைக் குறைத்துக் காட்டுவோர் பலர். இது மாகாண சபைகளின் வருமானத்தை இழக்கச் செய்கின்றது என்பது ஒருபுறமிருக்க, உரித்தில் வழு ஏற்பட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாளில், கொடுத்தது எவ்வளவு என நிரூபிக்க முடியாது திண்டாடுபவர் வாங்கியவரே.

மொழிப் பிரச்சினையும் சாதாரணமானதன்று. வடக்கு, கிழக்குக்கு வெளியே வீடு வாங்கும் தமிழ், முஸ்லிம் மக்களுட் பலர் தாம் வாசித்தறிய முடியாத மொழியில் எழுதப்பட்ட உறுதியிலேயே கையொப்பமிடுகின்றனர். அட்டவணையிலுள்ள எல்லைகளையும் நிபந்தனைகளையும் தமக்கு விளங்கும் மொழியில் விளக்கும்படி கோருவது அவர்களது உரிமை. தரகர் அவசரப்படுத்துகின்றார் என்பதற்காக அவ்வுரிமையை விட்டுக்கொடுத்தலாகாது.

தாமதம் நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலை ஏற்கப்பட்ட பின்னர் வீடு கைக்கு வரப் பல மாதங்கள் செல்வது வழமை. ஒப்பந்தங்கள் பரிமாறப்படும் வரை அங்கும் எத்தரப்பும் விலகிக்கொள்ளலாம். விற்பவரே ஆவணத் தொகுதியொன்றை முன்கூட்டியே தயாரிக்க வேண்டும் என்ற விதி அங்கு 2007 இல் கொண்டுவரப்பட்டு 2010 இல் கைவிடப்பட்டது. 2025 ஒக்டோபரில் அந்நாட்டு அரசு வெளியிட்ட முன்மொழிவுகள், விற்பனைக்கு விடும்போதே தகவல்கள் வழங்கப்பட வேண்டும் என்ற அதே கருத்துக்குத் திரும்பியுள்ளன. விலை பேசிய பின்னர் ஆவணங்களைத் தேடத் தொடங்குவதே தாமதத்தின் மூலம் என்பதை அந்த அனுபவமும் உணர்த்துகின்றது.

நமது நாட்டில் ஒவ்வொரு விற்பனையின்போதும் அதே 30 ஆண்டு வரலாறு மீண்டும் மீண்டும் தேடப்படுகின்றது. அதற்கான செலவும் மீண்டும் மீண்டும் மக்களின் தலையில் விழுகின்றது. இதனை நீக்குவதற்காகவே 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் கொண்டுவரப்பட்டு, 2007 முதல் பிம்சவிய என்ற பெயரில் நாடளாவிய திட்டமாக்கப்பட்டது. சட்டம் பிறந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் நாட்டின் பெரும்பகுதி பழைய உறுதிப் பதிவு முறையிலேயே தங்கியுள்ளது. சட்டத்துறையினர் இத்திட்டத்தின் ஏற்பாடுகள் சிலவற்றை விமர்சித்தும் வந்துள்ளனர். அவ்விமர்சனங்களுக்குப் பதிலளித்துத் திருத்துவதும், தமிழில் கடமையாற்றக் கூடிய அலுவலர்களுடன் வடக்கு, கிழக்கில் பணியை விரைவுபடுத்துவதும் அரசாங்கத்தின் பொறுப்பாகும். உள்ளூராட்சிச் சபைகள் தமது சான்றிதழ்களை ஒரே இடத்தில், அறிவிக்கப்பட்ட நாட்களுக்குள் வழங்குவதற்குப் புதிய சட்டமெதுவும் தேவையில்லை, மனமிருந்தாற் போதும்.

அரசாங்கம் செய்யும் வரை மக்கள் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. பெற்றோர் உயிருடன் உள்ளபோதே பங்குகளைத் தீர்த்துக்கொள்வதும், விற்க எண்ணுவோர் விலை கூறுமுன் உறுதி, வரைபடம், பதிவேட்டுப் பிரதி, வரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றை ஒரே கோவையில் சேர்த்து வைப்பதும் சிரமமான காரியங்களல்ல. பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இது பற்றிய அறிவை மக்களிடம் கொண்டுசெல்லலாம்.

வாங்குவோருக்கு நாம் கூற விரும்புவது ஒன்றே. எத்தனை நாட்கள் என்ற கேள்வியுடன், அந்நாட்களில் எவை எவை பார்க்கப்பட்டன என்ற கேள்வியையும் கேளுங்கள். வேறொருவர் பணத்துடன் காத்திருக்கின்றார் என்று எவரேனும் அவசரப்படுத்துவாராயின், அக்காணியின் ஆவணங்களை மேலும் ஒரு தடவை பார்ப்பதே புத்திசாலித்தனமாகும். மூன்று மாதம் காத்திருப்பதால் இழப்பது மூன்று மாத வாடகை. காத்திராது கையொப்பமிட்டால் இழக்க நேர்வது ஒரு தலைமுறையின் உழைப்பாகவும் இருக்கலாம்.