அலசு நீரையும் சோதிக்க வேண்டும்

நூலை வேகவைத்து மெழுகும் அழுக்கும் போக்குகின்ற சாயப்பட்டறைக்காரரும், பயிருக்கு மருந்து தெளிக்கின்ற விவசாயியும் ஒரே இனத்து ரசாயனத்தைக் கையாளக்கூடும் என்பது நம் அங்கத்தினர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். நூல் விரைவில் நனைய வேண்டும் என்பதற்காகப் பட்டறையில் ஊற்றும் வெட்டிங் ஆயில்களிலும், மருந்து இலையின்மேல் பரவி நிற்க வேண்டும் என்பதற்காகச் சேர்க்கும் துணைத் திரவங்களிலும் நோனைல்பீனால் எத்தாக்சிலேட் என்ற பொருள் உலகின் பல நாடுகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. எல்லாத் தயாரிப்புகளிலும் அது உண்டென்று சொல்வதற்கில்லை. எதில் உண்டு, எதில் இல்லை என்பதை வாங்குகிறவர் எளிதில் அறிய முடியாமலிருப்பதுதான் நாம் ஆராய வேண்டிய விஷயம்.

இப்பொருள் நுரை தந்து, அழுக்கை நீக்கி, வேலை முடிந்தவுடன் நீரோடு போய்விடுகிறது. ஆனால் போய் மறைந்துவிடுவதில்லை. நீரிலும் கழிவுத் தொட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் இதைச் சிதைக்கும்போது நோனைல்பீனால் என்ற எளிய பொருள் பிறக்கிறது. அது தாய்ப்பொருளைவிட அதிகக் கெடுதல் உடையது, எளிதில் அழியாதது, கசடோடும் வண்டலோடும் ஒட்டிக்கொள்வது. அன்றியும், பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப் போல் நடிக்கும் தன்மை அதற்கு உண்டு.

ஹார்மோன் என்பது உடலின் ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்கு இரத்தத்தின் வழியே போகும் கட்டளை. வளர்ச்சி, பூப்பு, கரு உருவாதல் ஆகிய யாவும் இக்கட்டளைகளாலேயே நடக்கின்றன. கட்டளையை ஏற்கும் பூட்டு ஒன்று உயிரணுவில் இருக்கிறது. அந்தப் பூட்டுக்கு உடல் செய்த சாவி ஒன்று. வெளியிலிருந்து வரும் கள்ளச்சாவியும் சில சமயம் பொருந்திவிடுகிறது. அப்போது வேளையல்லாத வேளையில், வேண்டாத இடத்தில் கட்டளை பிறக்கிறது.

இது நேற்று முளைத்த கற்பனையன்று. 1936-லேயே இங்கிலாந்தில் சார்லஸ் டாட்ஸ் என்ற அறிஞர், பிஸ்பீனால் ஏ என்ற செயற்கைப் பொருளுக்கு ஈஸ்ட்ரோஜனின் குணம் உண்டென்று காட்டினார். 1950-இல் அமெரிக்காவில் இளஞ்சேவல்களுக்கு டி.டி.டி. மருந்தை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார்கள். சேவல்களுக்குக் கொண்டை சிறுத்தது. விதைகளும் வளராமல் நின்றன. டாட்ஸ் 1938-இல் செய்தளித்த டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோனைக் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். மாடுகள் கொழுக்கத் தீவனத்திலும் கலந்தார்கள். அதை உண்ட தாய்மாருக்குப் பிறந்த பெண்களில் சிலருக்கு இளவயதிலேயே அரியதொரு புற்றுநோய் வந்ததை 1971-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளிப்படுத்தினார்கள். கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பது அந்நாட்டில் 1979-இல்தான் தடுக்கப்பட்டது.

நோனைல்பீனாலின் குணம் தெரிந்ததும் எதிர்பாராமல்தான். பாஸ்டன் நகரில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும், ஈஸ்ட்ரோஜன் இருந்தால் மட்டுமே பெருகும் மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களை வைத்து ஆராய்ந்து வந்தனர். ஹார்மோனே ஊற்றாத பாத்திரத்திலும் அவை பெருகின. தேடிப் பார்த்ததில், பரிசோதனைக்குப் பயன்படுத்திய பிளாஸ்டிக் குழாயிலிருந்து நோனைல்பீனால் கசிந்திருந்தது. இதனை 1991-இல் அவர்கள் வெளியிட்டார்கள். ஒரு பொருள் என்ன பெயருடையது என்று கேட்காமல், அது என்ன செய்கிறது என்று பார்க்கும் சோதனை அதன்பின் உலகெங்கும் பரவிற்று.

துணித் தொழிலில் உள்ள நமக்கு நேரே பொருந்தும் எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஏர் என்னும் ஆறு ஓடுகிறது. கம்பளித் தொழிலுக்குப் பெயர்போன பிரதேசம் அது. ஆட்டு ரோமத்தின் எண்ணெய்ப் பசையைப் போக்குவதற்கு அங்கிருந்த ஆலைகள் நாம் மேலே சொன்ன பொருளையே பயன்படுத்தின. அலசிய நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாக ஆற்றில் சேர்ந்தது. ஆராய்ச்சியாளர்கள் ஆண் டிரவுட் மீன்களைக் கூண்டில் அடைத்து ஆற்றில் இறக்கி, சில வாரங்கள் கழித்து அவற்றின் இரத்தத்தைச் சோதித்தார்கள். முட்டையின் மஞ்சள் கருவுக்கென்று பெண்மீனில் மட்டும் உண்டாக வேண்டிய புரதம் ஆண்மீனின் இரத்தத்தில் இருந்தது. விதைகளின் வளர்ச்சியும் குன்றியிருந்தது. ஐந்து ஆறுகளில் நடத்தி 1997-இல் வெளியிட்ட அந்த ஆய்வில் ஏர் ஆற்றின் நிலைமையே மிக மோசமானது. பிற்பாடு அப்பொருளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டது. ஆற்றில் அதன் அளவு குறையக் குறைய மீன்களிடம் கண்ட கோளாறும் குறைந்ததை 2002-இல் வெளியான மற்றோர் ஆய்வு நிறுவிற்று. சோதனை செய்தார்கள், காரணம் தெரிந்தது, காரணத்தைக் குறைத்தார்கள், ஆறு தேறிற்று. இந்த வரிசைதான் நமக்குப் பாடம்.

பிரிட்டனின் வேறு பல ஆறுகளிலும் மீன்களுக்கு இதே கோளாறு இருந்தது. ஆனால் அங்கே முதற்காரணம் ஆலை ரசாயனமன்று. மனிதர் உடலிலிருந்து வெளியாகும் இயற்கை ஹார்மோன்களும் கருத்தடை மாத்திரையின் ஹார்மோனுமே என்று 1998-இல் கண்டார்கள். ஆகவே, ஆற்றைப் பார்த்த மாத்திரத்தில் சாயப்பட்டறையைக் குற்றம் சாட்டுவதும் தவறு. பட்டறைக்குச் சம்பந்தமே இல்லை என்று சாதிப்பதும் தவறு. சோதித்தால்தான் தெரியும்.

நம் நாட்டில் கழிவுநீரைச் சோதிப்பதில்லையா என்று கேட்கலாம். சோதிக்கிறார்கள். அமில காரத் தன்மை, நிறம், கரைந்துள்ள உப்பு, அழுக்கைச் சிதைக்க வேண்டிய ஆக்ஸிஜனின் அளவு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். இவை அவசியமான சோதனைகளே. ஆயினும் கள்ளச்சாவியை இவை காட்டிக்கொடுக்கமாட்டா. நிறமற்றுத் தெளிந்த நீரிலும் அது இருக்கலாம். உணவுத் தானியத்திலும் காய்கறியிலும் மருந்தின் எச்சத்தைப் பார்க்கும்போது, பெரும்பாலும் மருந்தின் மூலப்பொருளைத்தான் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தேடுகிறார்கள். அதனுடன் கலந்த துணைத் திரவம் கணக்கில் வருவதில்லை.

பெயர் சொல்லித் தேடும் சோதனைக்கு இன்னொரு குறையும் உண்டு. லண்டனில் எலிசபெட் சில்வா, நிசங்க ராஜபக்ச, ஆண்ட்ரியாஸ் கோர்ட்டன்காம்ப் என்ற மூவர், ஈஸ்ட்ரோஜனைப் போல் நடிக்கும் எட்டு வலுக்குறைந்த பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். தனித்தனியே விளைவு எதுவும் காட்டாத அளவில் ஒவ்வொன்றையும் எடுத்து ஒன்றாகக் கலந்தபோது விளைவு தெளிவாகத் தோன்றியதென்று 2002-இல் அறிவித்தார்கள். சிறு துளி பெரு வெள்ளம் என்று சிக்கனத்துக்குச் சொல்லும் பழமொழி நஞ்சுக்கும் பொருந்துகிறது. ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருக்கிறது என்ற சான்றிதழ், எல்லாம் சேர்ந்து என்ன செய்யும் என்பதைச் சொல்லாது.

இதற்கு ஏற்ற எளிய சோதனையொன்று உண்டு. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிருக்குள் மனித உடலின் ஈஸ்ட்ரோஜன் பூட்டுக்குரிய மரபணுவைப் புகுத்தியிருக்கிறார்கள். சோதிக்க வேண்டிய நீரின் சாரத்தை அதனுடன் சேர்த்தால், பூட்டைத் திறக்கும் பொருள் எதுவாயினும் அதில் இருக்குமானால் கரைசலின் மஞ்சள் நிறம் சிவப்பாக மாறுகிறது. பிரிட்டனில் ரௌட்லெட்ஜும் சம்ப்டரும் 1996-இல் இம்முறையை விவரித்தார்கள். நிறம் பார்த்தே பிழைக்கும் நமக்கு இதைவிடப் புரியக்கூடிய சோதனை ஏது? முதலில் இவ்வாறு விளைவைப் பார்த்து, சிவப்பு கண்ட இடத்தில் மட்டும் கருவிகொண்டு பொருளைப் பெயர் சொல்லித் தேடினால், வீண் செலவும் குறையும். தப்பிப் போவதும் குறையும்.

இனி நம் முக்கிய விவாதத்துக்கு வருவோம். ஐரோப்பிய நாடுகள் தங்கள் எல்லைக்குள் துணி பதனிடும் தொழிலில் இப்பொருளின் உபயோகத்தை 2005 முதல் பெரும்பாலும் தடுத்துவிட்டன. அப்படியும் அங்குள்ள ஆறுகளில் அது வந்துகொண்டிருந்தது. வெளிநாடுகளிலிருந்து வாங்கும் துணியை வீட்டில் துவைக்கும்போது அது வெளிவருவதைக் கண்டார்கள். ஆகவே, நீரில் துவைக்கக்கூடிய துணிகளில் எடையில் 0.01 சதவீதத்துக்குமேல், அதாவது கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குமேல் இது இருக்கலாகாதென்று விதித்தார்கள். அவ்விதி 2021 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ளது. ஏற்றுமதிக்காரர்கள் துணியைச் சோதனைச்சாலைக்கு அனுப்புவது இதற்காகத்தான்.

அவர்கள் தம் ஆற்றைக் காத்துக்கொள்வதில் நாம் குறை காண்பதற்கில்லை. ஆனால் துணி தேறிவிட்டது என்ற சான்று நம் ஆற்றுக்கும் சான்றாகுமா? துணியை மேலும் இரண்டு தடவை அலசிவிட்டால் அதில் தங்கியுள்ள அளவு குறைந்துவிடும், துணி தேறிவிடும். அலசிய நீர் எங்கே போயிற்று? வெளிநாட்டார் வீட்டில் வெளிவந்திருக்க வேண்டிய பங்கும் இங்கேயே தங்கிவிடுகிறது. துணியை மட்டும் சோதிக்கும் ஏற்பாடு, வாங்குவோரின் ஆற்றைக் காக்கலாம். நெய்வோரின் ஆற்றைக் காக்காது. அலசு நீரையும் கசடையும் சோதிக்கும் பொறுப்பை வேறு எவரும் நமக்காக ஏற்கப்போவதில்லை.

நொய்யல் கரையில் நடந்ததை நாம் மறக்கவில்லை. பாசன விவசாயிகள் வழக்குத் தொடுத்ததும், சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டதும், எண்ணற்ற தொழிலாளர் வேலையின்றி நின்றதும் அனைவரும் அறிந்தவை. அன்று வழக்கு உப்பைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் நடந்தது. கண்ணுக்குத் தெரிந்த கேட்டுக்கே இத்தனை காலமும் இத்தனை கசப்பும் ஆயிற்று. கண்ணுக்குத் தெரியாத கேட்டைப் பற்றி நெசவாளரும் விவசாயியும் மறுபடி நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கத்தான் வேண்டுமா? ஒரே வாய்க்காலின் மேல்கரையும் கீழ்கரையுமாக இருப்பவர்கள் ஒரே மேஜையைச் சுற்றி உட்காரக்கூடிய இடம் கூட்டுறவு ஒன்றுதான்.

இப்பொருள் இயற்கை ஹார்மோனைவிடப் பல ஆயிரம் மடங்கு வலிமை குறைந்தது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். உண்மை. மீனுக்கு வந்த கேடு அதே அளவில் மனிதருக்கும் வருமென்று யாரும் நிறுவிவிடவில்லை என்பதும் உண்மை. ஆனால் கருவிலிருக்கும் சிசுவுக்கு ஹார்மோனின் கட்டளை மிக மிகச் சிறிய அளவிலேயே போய்ச் சேருகிறது. வருஷம் முழுதும் கையை நனைத்து வேலை செய்யும் பெண்களும், அதே நீரைக் குடிக்கும் மாடுகளும் உள்ள ஊரில், அளவே தெரியாமல் ‘குறைவுதான்’ என்று சொல்வது தைரியமாகுமே தவிர அறிவாகாது.

செலவு அதிகமாகும் என்பது அடுத்த ஆட்சேபம். ஒரு தொடக்கச் சங்கம் தனியே செய்தால் அதிகந்தான். பல சங்கங்கள் கூடிச் செய்தால் பளு பங்காகிறது. அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்கலாமென்பாரும் உண்டு. அமெரிக்காவில் இத்தகைய சோதனைகளை நடத்தும்படி 1996-இல் சட்டம் செய்தார்கள். முதல் சோதனைக்கான ஆணைகள் பிறப்பதற்கு 2009 ஆயிற்று. 52 பொருள்களைப் பற்றிய முடிவு 2015-இல் வந்தது. பணமும் ஆய்வுக்கூடமும் நிறைந்த தேசத்திலேயே ஏறக்குறைய இருபது ஆண்டு. அரசாங்கத்தை வற்புறுத்துவோம், அதற்காகக் கைகட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆகவே, வரும் பொதுப் பேரவைக் கூட்டங்களில் நம் சங்கங்கள் நான்கு தீர்மானங்களை ஆலோசிக்கலாம். முதலாவது, வெட்டிங் ஆயிலோ சோப்புத் திரவமோ பயிர் மருந்தின் துணைத் திரவமோ வாங்கும்போது, அதில் நோனைல்பீனால் இனம் இல்லை என்று விற்பவர் எழுத்தில் உறுதி தர வேண்டும். தராதவரிடம் சங்கம் கொள்முதல் செய்யலாகாது. கொழுப்பு ஆல்கஹால்களிலிருந்து செய்யும் மாற்றுப் பொருள்கள் விற்பனையில் உள்ளன. இரண்டாவது, பட்டறை அலசு நீர், கசடு, கீழ்ப்புறத்துக் கிணற்று நீர் ஆகிய மூன்றையும் ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மழைக்குப் பின்னும், விளைவு காட்டும் சோதனைக்கு அனுப்ப வேண்டும்; செலவை மாவட்ட அளவில் சங்கங்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, சோதிக்காத கசடு எதுவும் எருவென்ற பெயரில் வயலுக்குப் போகலாகாது. நான்காவது, முடிவு நல்லதாயினும் கெட்டதாயினும் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். மறைக்கப்படும் சோதனை செய்யாத சோதனையைவிடக் கெட்டது. ஏனெனில் அது நம்பிக்கையையும் அழிக்கிறது.

முதல் தீர்மானத்துக்குக் காசே செலவில்லை. கொள்முதல் ரசீதோடு ஒரு தாள் கேட்டு வாங்குவதுதான் வேலை. அடுத்த சரக்கு வாங்கும்போதே அதைத் தொடங்கிவிடலாம். மற்றவற்றை நிர்வாகக் குழுக்கள் கூடி வகுக்கட்டும்.