வெயிலும் விற்பனைக்கு வந்தது

கண்டி மாநகரத்து மருந்துக்கடைகளில் இன்று வெயில் விற்பனையாகின்றது. விற்றமின் 'டி' என்று பெயர் ஒட்டிய குப்பிகளைத்தான் சொல்கிறோம். ஆண்டு முழுவதும் கதிரவன் காயும் ஒரு நாட்டில் இவ்வணிகம் தழைக்கிறதென்றால், அதன் காரணத்தை ஆராய்வது நம் கடமை.

விஞ்ஞானத்தோடு நமக்குப் பகையில்லை. புகை மண்டிய ஐரோப்பியத் தொழில் நகரங்களில் ஏழைக் குழந்தைகளின் கால்களை வளைத்தது 'ரிக்கட்ஸ்' நோய். 1919இல் ஜெர்மனியில் ஹுல்ட்ஷின்ஸ்கி அதனைப் புறஊதாக் கதிரால் குணப்படுத்தினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் மெல்லன்பி மீனெண்ணெயின் ஆற்றலை நிறுவினார். தோலில் வெயில் பட்டு உண்டாகும் இச்சத்து, உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்சத் துணைபுரிகின்றது. தாய்ப்பாலில் இது குறைவு. எனவே கைக்குழந்தைகளுக்கும், வெளியே நடமாட இயலாத முதியோருக்கும், குறைபாடு உறுதியானோருக்கும் இதனைக் கொடுப்பதே நியாயம். "வெயில் இருக்க மாத்திரை எதற்கு?" என்னும் பழமைவாதியோடு நாம் உடன்படவில்லை.

ஆனால், இது சகல நோய்க்கும் சஞ்சீவி என்கிறதே விளம்பரம், அது உண்மையா? அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்தாண்டுகள் நடந்த 'வைட்டல்' ஆய்வு, நாளொன்றுக்கு 2,000 அலகு உட்கொண்டும் புற்றுநோயோ மாரடைப்போ வருவது குறையவில்லை என்று 2018இல் அறிவித்தது. எலும்பு முறிவும் குறையவில்லை என்பது 2022இல் தெரிந்தது. குறைபாடில்லாதவனுக்கு விற்கப்படுவது மருந்தன்று, அச்சம்.

இனி, மலைக்கு வருவோம். 1867இல் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்கிய லூல்கந்துர கண்டி மாவட்டத்திலேதான் உள்ளது. அன்று தொட்டுக் கொழுந்து பறிக்கும் கைகளுக்கு வெயிலில் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் பாலுக்கும், முட்டைக்கும், மீனுக்கும்! 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடளாவ நூற்றுக்கு 17, தோட்டப்புறத்திலோ 32. கல்சியமற்ற வயிற்றில் விற்றமின் 'டி' எந்த எலும்பைக் கட்டும்?

எம் வகுப்பில் ஒரு மாணவன். காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தான். "எலும்புக்கு நல்லது" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, அவன் தாய் ஒரு குப்பி வாங்கினாள். அந்த மாதம் அவ்வீட்டில் முட்டை வாங்கப்படவில்லை. அவளையா குறை சொல்வது?

நகரத்துப் பிள்ளைகளின் கதை வேறு. பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு. அது முடிந்தால் மற்றொன்று. பொழுது சாயும்வரை கூரைக்கடியில் அடைத்து வைத்துவிட்டு, மாத்திரையால் வெயிலை ஈடு செய்கிறோம். ஆசிரியர்களாகிய நாமும் இதில் குற்றவாளிகளே.

பேராதனை மருத்துவ பீடத்தில் பணியாற்றிய சேனக பிபிலே, மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் 1971இல் அளித்த அறிக்கை, மருந்தை வணிகப் பெயரால் அன்றித் தேவையால் தேர்ந்து, அரசே மொத்தமாகக் கொள்வனவு செய்யும் வழியைக் காட்டியது. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவ்வழியிற் பிறந்தது. அந்நெறியே இன்றும் நமக்கு வேண்டும்.

தேவைப்படும் குழந்தைக்கு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கட்டும். தோட்டத் தொழிலாளிக்கு முட்டையும் பாலும் வாங்கக்கூடிய கூலி கிடைக்கட்டும். மாணவனுக்கு விளையாட்டுத் திடலும் அதில் ஓட நேரமும் கிடைக்கட்டும். இவற்றைக் கேட்காமல் குப்பியை மட்டும் நீட்டுவது வைத்தியமன்று, வியாபாரம்!