இலவசமாக ஆள் தரும் முகவை: ஒரு மறுப்பு

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் உணவகம் நடத்துவோரிடமும், தீவின் பிற பகுதிகளில் சிறு கட்டுமானக் குத்தகை எடுப்போரிடமும் ஆள்சேர்ப்புப் பற்றிய ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. முதலாளியிடம் காசு கேட்காமல், செலவு முழுவதையும் வரும் ஊழியரிடமே வாங்கிக்கொண்டு, விரைவாக ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும் முகவையே தொழிலுக்கு உகந்தது என்பதே அது. முகவை என்பது பேச்சுவழக்கில் ஏஜென்சி எனப்படும், 1958ஆம் ஆண்டின் வேலை முகவைச் சட்டத்தின்கீழ் மனிதவள அமைச்சிடம் உரிமம் பெற்று வேலைக்கு ஆள் சேர்த்துத் தரும் நிறுவனம். மேற்கண்ட கருத்துக்கு ஆதரவாகப் பொதுவாக ஐந்து வாதங்கள் வைக்கப்படுகின்றன. அவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தால், ஒவ்வொன்றும் பாதி உண்மையின் மேல் நிற்பதும், மறுபாதியில் முதலாளியின் நட்டம் மறைந்திருப்பதும் தெரியவரும்.

முதல் வாதம் செலவு பற்றியது: கட்டணம் இல்லையென்றால் அந்த அளவுக்கு மிச்சம் என்பது. ஆனால் முகவைக்கு யார் பணம் தருகிறாரோ அவரே அதன் வாடிக்கையாளர். முதலாளி பணம் தரும்போது முகவை விற்பது தன் தேர்வுத் திறனை; ஊழியர் பணம் தரும்போது அது விற்பது வேலையை. வேலை விற்பனைக்கு வந்துவிட்டால், பத்துப் பேரில் முந்துபவர் கைதேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை, நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ கேட்ட தொகையை முதலில் புரட்டியவராக இருந்தால் போதும். அப்படி வந்தவர் வேலைக்குப் பொருந்தாமல் போனால் சுமை முதலாளியின் தலையில்தான் விழுகிறது. மலேசியர் அல்லாத ஒவ்வொரு வேலை அனுமதிச்சீட்டு ஊழியருக்கும் 5,000 வெள்ளிப் பிணை, மாதாமாதம் தீர்வை எனப்படும் வெளிநாட்டு ஊழியர் வரி, 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கான மருத்துவக் காப்பீடு, ஊருக்குத் திருப்பியனுப்பும் செலவு ஆகியவற்றுக்கு முதலாளியே பொறுப்பு என்பதால், தவறான ஆளைத் தேர்ந்தால் இவற்றுள் பலவற்றை இரண்டாம் முறையும் செலுத்த நேர்கிறது.

கடன்பட்டு வந்தவர் வேலையை விட்டுப் போகமாட்டார், ஆகவே அவரே நிலையான ஊழியர் என்பது இரண்டாவது வாதம். கடன் ஒருவரைக் கட்டிவைக்கும் என்பது மெய்தான். ஆனால் அவர் கட்டுண்டிருப்பது கடனுக்கே அன்றி முதலாளிக்கு அன்று. கட்டுமானத் துறையில், அனுமதிச்சீட்டு முடிவதற்கு 40 நாள் முதல் 21 நாள் வரை எஞ்சியிருக்கும் காலத்தில், நடப்பு முதலாளியின் இசைவு இல்லாமலேயே ஊழியர் வேறு முதலாளியிடம் மாறலாம்; கடனை விரைவாக அடைக்க வேண்டியவரே அந்த வாய்ப்பை முதலில் நாடுவார். அதுவரையிலும் அவர் வலியையும் காயத்தையும் மறைத்து, ஓய்வைத் துறந்து கூடுதல் நேரம் உழைக்கவே முனைவார். அது விபத்துக்கும் உற்பத்திக் குறைவுக்கும் இடம் கொடுக்கும். காயமடைந்தோ சம்பளப் பூசலில் சிக்கியோ வேலையின்றி நிற்கும் ஊழியர்களுக்கு டி.டபிள்யூ.சி.2 என்ற நல அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவச உணவு வழங்கிவருவது, கடனோடு வந்தவர் வேலை இழந்தால் கைப்பொருள் ஏதுமின்றி நிற்க நேர்வதற்குச் சான்று. மேலும், புதிய ஆள் ஒவ்வொருவரும் ஒரு புதிய வரவாகும் ஏற்பாட்டில், வந்த ஆள் நிலைப்பதில் முகவைக்கு எந்த ஆதாயமும் இல்லை. அந்த வரவில் முதலாளியும் பங்கு பெற்றால், அதாவது வேலை தருவதற்காக ஊழியரிடம் பணம் பெற்றால், வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டப்படி 30,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மூன்றாவது வாதம், அரசு கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்துவிட்டதால் முதலாளி இதில் தலையிட வேண்டியதில்லை என்பது. 2011 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, முகவை ஊழியரிடம் ஓராண்டுப் பணிக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேற்படாமல் வாங்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் முதலாளி வேலையைவிட்டு நீக்கினால் அதில் பாதியையாவது திருப்பித் தர வேண்டும். இது நல்ல விதி. ஆயினும் சிங்கப்பூர் முகவையின் கட்டணத்தை மட்டுமே இது கட்டுப்படுத்துகிறது, ஊரில் கொடுக்கப்படும் பணத்தை அன்று. இந்தியாவில் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் 30,000 ரூபாயும் அதன்மேல் சரக்கு-சேவை வரியும் மட்டுமே வாங்கலாம் என்ற வரம்பு இருந்தாலும், பதிவே இல்லாத துணைமுகவர் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளின் இந்தியப் பட்டியலில் சிங்கப்பூர் இடம்பெறாததால், வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் தொழிலாளருக்கு உள்ள அந்தச் சோதனையும் இங்கு வருபவருக்கு இல்லை. ஆகவே திருச்சி விமான நிலையம் வரையிலான செலவை இரு நாட்டுச் சட்டங்களும் சரிவரக் காண்பதில்லை. அதைக் கேட்டறியக்கூடியவர் முதலாளி ஒருவரே.

உரிமம் இருந்தால் போதும், அதற்குமேல் பார்க்க வேண்டியது வேகம்தான் என்பது நான்காவது வாதம். உரிமம் கட்டாயம் தேவை. உரிமமற்ற முகவையைப் பயன்படுத்தும் முதலாளிக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. அமைச்சின் இணையப் பட்டியலில் உரிம எண்ணையும், பேச வந்த அலுவலரின் பதிவு எண்ணையும் சில நிமிடங்களில் சரிபார்த்துவிடலாம். ஆனால் அந்த நிறுவனம் தொழில் நடத்த அனுமதி பெற்றது என்பதைத் தவிர, கடலுக்கு அப்பால் யார் வழியாக ஆள் பிடிக்கிறது என்பதை உரிமம் சொல்லாது. வேகத்தின் ஆபத்தை இந்திய உணவகங்களின் நிலையே விளக்கும். 2023 செப்டம்பர் முதல், மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளத்தில், இந்தியாவிலிருந்து சமையலரை வேலை அனுமதிச்சீட்டில் தருவிக்க இந்திய உணவகங்களுக்கு வழி பிறந்தது. இவ்வழியில் அவசரமாக ஆள் தேடும் கடைக்கு, தோசைக்கல்லின் பக்கமே போகாதவரைத் தேர்ந்த சமையலர் என்று எழுதித் தருவது காசுக்கு வேலை விற்பவருக்கு எளிது. பொய் விவரம் என்று தெரிந்தே கையொப்பமிடும் முதலாளிக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ காத்திருக்கின்றன. தெரியாமல் ஒப்பமிட்டவருக்கோ அடுப்படியில் ஆள் இல்லாத குறை தீராமலே நிற்கிறது.

ஊழியர் பணம் கட்டி வருவதே காலங்காலமான வழக்கம் என்பது ஐந்தாவது வாதம். வரலாறு இதற்கு நேர்மாறாகச் சான்று தருகிறது. சிங்கப்பூரை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களிலும் மலாய் நாடுகளிலும், 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஒன்று நிறுவப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்த முதலாளிகள் அனைவரும், தாம் வைத்திருந்த ஆட்களின் கணக்குப்படி அதற்குப் பணம் செலுத்தினர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களின் வழியே கப்பலேறியவர்களின் பயணச் செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. இதன் காரணம் இரக்கம் அன்று. ஒரு தோட்ட முதலாளி முன்பணம் கொடுத்துத் தருவித்த ஆளை இன்னொருவர் ஆசைகாட்டி இழுத்துக்கொள்வது பெருகியதால், செலவை எல்லா முதலாளிகளும் பகிர்ந்துகொண்டு தொழிலாளியைக் கடனின்றி இறக்குவதே இலாபம் என்று தோட்ட முதலாளிகளே கணக்கிட்டனர். ஆள்பிடித்து மேற்பார்த்த கங்காணிகளின் கொடுமையும் குறைந்த கூலியும் அம்முறையோடு கூடவே இருந்தன என்பதும், இந்திய அரசு 1938இல் அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. எனினும், ஆள்சேர்ப்புச் செலவு முதலாளியுடையது என்ற கொள்கை அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை அன்று. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆவது உடன்படிக்கை, தனியார் முகவைகள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கலாகாது என்று வகுத்தது, இங்கே முன்பே அறியப்பட்டிருந்த ஒன்றையே.

சிறு கடைக்காரரால் இது தாங்குமா என்ற ஐயம் நியாயமானது. 2,000 வெள்ளிச் சமையலரிடம் முகவை சட்டப்படி வாங்கக்கூடிய உச்சத் தொகை 4,000 வெள்ளி. அத்தொகையை முதலாளி தாமே ஏற்று, ஈராண்டு அனுமதிச்சீட்டுக் காலத்துக்குப் பிரித்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 167 வெள்ளி ஆகும். ஒருமுறை ஆள் மாறுவதால் நேரும் இழப்போடு ஒப்பிட்டால் இது பெருஞ்சுமை அன்று. அந்தக் கட்டணத்தோடு நிபந்தனைகள் விதிக்கும் உரிமையும் முதலாளிக்குக் கிடைக்கிறது. ஊழியர் ஊரிலிருந்து இங்கு வரும் வரை யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை எழுத்தில் கேட்கலாம். இந்தியப் பங்காளி நிறுவனம் அங்கே பதிவுபெற்றதா என்று உறுதிப்படுத்தச் சொல்லலாம். சமைத்துக் காட்டும் தேர்வைக் காணொளியில் நேரடியாகப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தலாம். ஆள் பொருந்தாவிட்டால் மாற்று ஆளோ பணமோ தரும் பிரிவை ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். இலவசமாக ஆள் தரும் முகவையிடம் இக்கேள்விகளுக்கு விடை கிடைப்பது அரிது. முதலாளி அதற்கு எதுவும் கொடுக்கவில்லை. ஆகவே அது பதில் சொல்லக் கடமைப்பட்டவர் பட்டியலிலும் அவர் இல்லை.