கரி பூசிய முகங்களும் வரலாறுதான்

ப்ளூஸ் இசை 1920ல் பிறந்ததுபோலவே பேசுகிறோம். அந்த வருஷம்தான் மேமி ஸ்மித்தின் 'கிரேஸி ப்ளூஸ்' இசைத்தட்டாக வந்து விற்றுத் தள்ளியது. அப்படியானால் கம்பெனிக்காரன் தட்டில் பதித்தது மட்டும்தான் பாட்டா? அதுவரை கறுப்பின மக்கள் பாடியதெல்லாம் வெறும் காத்தா? யார் எழுதிய கணக்கு இது?

நான் வங்கிக் குமாஸ்தா. எங்கள் தொழிலில் பேரேட்டில் ஏறாத வரவு வரவே இல்லை. ஆனால் ஒரு சனத்தின் கலைக்கு அடுத்தவன் பேரேட்டை மட்டும் நம்ப முடியுமா? மா ரெய்னியின் முதல் இசைத்தட்டுப் பதிவு 1923ல். அதற்கு முன்பே ஏறக்குறைய இருபது வருஷம் தெற்கு மாநிலங்களில் கூடாரம் கூடாரமாகப் பாடியவர் அவர். அந்த இருபது வருஷத்தை எந்தத் தட்டில் தேடுவது?

அந்தக் கூடாரங்கள் ஒரு தனி உலகம். பேட் சாப்பெல் என்ற கறுப்பினத்தவர் 1900ல் ஃபுளோரிடாவில் 'ரேபிட்ஸ் ஃபுட்' கம்பெனியைத் தொடங்கினார். பாட்டு, ஆட்டம், கோமாளி, வித்தை, பேண்டு எல்லாம் ஒரே கூடாரத்தில். 1896லேயே உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினைக்கு முத்திரை குத்திவிட்ட நாடு அது. ஓட்டலில் படுக்க இடம் தரமாட்டான். அதனால் சொந்த ரயில் பெட்டி வாங்கி, அதிலேயே தூங்கி ஊர் ஊராகப் போனார்கள். பகலில் பேண்டு ஊர்வலம், ராத்திரி ஆட்டம். கூடாரத்துக்குள்ளும் நடுவில் வழி விட்டு, வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம்.

சாப்பெல் 1911ல் இறந்தார். மறு வருஷமே கம்பெனி வுல்காட் என்ற வெள்ளை முதலாளியின் கைக்குப் போனது. எஃப் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவர் நடத்திய 'சைலஸ் கிரீன்' கம்பெனியோ அவருக்குப் பிறகும் 1950கள் வரை ஓடியது.

இதையெல்லாம் ஏன் காக்கணும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேள்வியில் வலி இருக்கிறது. கரி பூசிக்கொண்டு தன்னையே கேலி செய்து ஆடிய கோமாளிகள் அங்கே இருந்தார்கள். கறுப்பரை இழிவுசெய்யும் பாட்டுகள் இருந்தன. எர்னஸ்ட் ஹோகன் என்ற கறுப்பினக் கலைஞரே 1896ல் அப்படியொரு பாட்டை வெளியிட்டார், அமோகமாக விற்றது. இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் மானம் மிஞ்சுமா? மிஞ்சாது. கரியைப் பூசவைத்தவன்தான் தப்பிப்பான். அதே மேடையில், அதே ராத்திரியில் மா ரெய்னி ப்ளூஸ் பாடினார். இழிவையும் கலகத்தையும் தனித்தனியே பிரித்தெடுக்க முடியாது.

அந்தக் கலைஞர்கள் தங்களைத் தாங்களே பதிந்தும் வைத்தார்கள். இண்டியானாபொலிஸிலிருந்து வந்த 'ஃப்ரீமேன்' என்ற கறுப்பினப் பத்திரிகைக்கு வழியிலிருந்து கடிதம் எழுதினார்கள். எந்த ஊரில் ஆட்டம், குழுவில் யார் யார், எந்தப் பாட்டு எடுபட்டது என்று. லின் அபாட்டும் டக் செரோஃபும் அந்தப் பழைய தாள்களைப் புரட்டித்தான் 2007ல் இந்தக் கூடாரங்களின் வரலாற்றைப் புத்தகமாக்கினார்கள். ஒரு சின்னப் பத்திரிகை இல்லையென்றால் இத்தனை பேரும் மண்ணோடு மண்.

2020ல் வந்த மா ரெய்னி படம் கூடாரத்தில் தொடங்கினாலும் சீக்கிரமே ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்விடுகிறது. நம் படிப்பும் அப்படித்தான். கொலம்பஸில் அவர் வீடு இன்று அருங்காட்சியகம். நல்லது. ஆனால் அவரோடு ரயில் பெட்டியில் படுத்துத் தூங்கிய பேண்டுக்காரனுக்கும், கூடாரத்துக்கு முளை அடித்தவனுக்கும் எங்கே வீடு? 1937ல் இறந்த பெஸ்ஸி ஸ்மித்துக்கே 1970ல்தான் கல்லறையில் கல் நட்டார்கள். மற்றவர்களுக்கு அந்தப் பத்திரிகைத் தாள்தான் கல்லறைக்கல்.

கறுப்பின இசையை ஆய்வுசெய்யப் போகும் மாணவத் தோழர்களே, இசைத்தட்டிலிருந்து தொடங்காதீர்கள். அந்தக் கடிதங்களிலிருந்து தொடங்குங்கள். கரி பூசிய முகத்தைக் கண்டால் பக்கத்தைத் தள்ளாமல், அவர் பேர் என்ன என்று தேடிப் பாருங்கள்.