"நல்லா இருக்கோம்"னு மட்டும் சொல்லாதீங்க



எங்க வீட்டு நடைச் சுவத்துல ஒரு தினத்தாள் காலண்டர் தொங்குது. மளிகைக் கடையில வருசா வருசம் கொடுக்குறதுதான். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் என் வீட்டுக்காரி அன்னைக்குத் தாளைக் கிழிப்பா. எறிய மாட்டா. அதுக்குப் பின்பக்கம் பென்சிலால ரெண்டு வரி எழுதி, அரிசி டப்பாவுக்கு அடியில வச்சிடுவா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 7 மணிக்கு அந்த ஏழு தாளையும் எடுத்துக்கிட்டு போன் முன்னாடி உக்காருவோம். பெரியவன் சென்னையில, சின்னவ ஓசூர்ல. ரெண்டு பேரையும் ஒரே லைன்ல போட்டு, ஸ்பீக்கரை வச்சுட்டு, அவ ஒவ்வொரு தாளா வாசிப்பா. இடையில நான் என் மழைக் கணக்கைச் சொல்லுவேன்.

போன வாரத் தாள்ல இருந்ததை அப்படியே தர்றேன்.

திங்கள்: எலிக்காரர் வந்து சாயங்காலம் வயல்ல 40 கிட்டி வச்சார்.

செவ்வாய்: காலையில 23 எலி. ராத்திரி நல்ல மழை.

புதன்: மேலத்தெரு பெரியம்மா தவறிப்போச்சு. ரெண்டு பேரும் அவங்க மகனுக்குப் போன் பண்ணுங்க.

வியாழன்: சிறகவரை பூ விட்டிருச்சு. ஊதாப் பூ.

வெள்ளி: காலை டவுன் பஸ் வரல. பள்ளிக்கூடப் புள்ளைங்க நடந்து போச்சுங்க.

சனி: செவலைக்கு மடி வீக்கம். டாக்டர் வந்து ஊசி போட்டார். பால் யாருக்கும் ஊத்தல.

ஞாயிறு: அப்பாவுக்கு முட்டி வலி. சொல்லாதேன்னார். எழுதிட்டேன்.

இதுல என்ன இருக்கு, ஊர்க்கதைன்னு நீங்க நினைக்கலாம். பட்டணத்துல இருக்குற பல பேருக்கும், இங்க இருக்குற பெத்தவங்களுக்கும் சேர்த்துதான் இந்தப் பதிவு. என் கருத்து இதுதான். வாரா வாரம் போன்ல "நல்லா இருக்கோம், சாப்பிட்டோம், வேற ஒன்னுமில்ல"ன்னு சொல்லி வைக்கிறோமே, அது பாசம் இல்ல. கொஞ்சம் கொஞ்சமா ஒருத்தரை ஒருத்தர் வெளியாள் ஆக்குற வேலை. நாங்களும் அதை வருசக்கணக்கா செஞ்சவங்கதான். அதனாலதான் தைரியமா சொல்றேன்.

2018 நவம்பர் 16ந்தேதி விடியக்காலம் கஜா புயல் கரை ஏறினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை எல்லாம் வேரோட சாஞ்சு கிடந்துச்சு. எங்க கொல்லையில 60 மரத்துல 41 போச்சு. கரண்டு இல்ல, டவர் இல்ல. பெரியவன் நாலு நாள் போன் அடிச்சுப் பாத்துட்டு அஞ்சாம் நாள் பஸ் ஏறி வந்து சேந்தான். வாசல்ல எங்க ரெண்டு பேரையும் பாத்ததும் பேச்சே வரல அவனுக்கு. அப்பறம் ஆறு மாசம் தினமும் போன் வந்துச்சு. அது வாரம் ஒருக்காலாச்சு. பேச்சும் சுருங்கிப் போச்சு. அவன் "எப்படி இருக்கீங்க"ம்பான், நாங்க "நல்லா இருக்கோம்"போம். "அங்க எப்படி"ன்னா "நல்லா இருக்கோம்ப்பா"ம்பான். மொத்தம் ரெண்டு நிமிசம்.

அந்த ரெண்டு நிமிசத்துக்குள்ள எவ்வளவு பொய் இருந்துச்சுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

மூணு வருசம் முன்னாடி வீட்டுக்காரி மாட்டுக் கொட்டகையில வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிஞ்சுபோச்சு. "புள்ளைங்க கிட்ட சொல்லாதீங்க, லீவு போட்டுட்டு ஓடி வருவாங்க"ன்னா. நானும் சொல்லல. ஒரு மாசம் கழிச்சு சொந்தத்துல ஒரு கல்யாணம். யாரோ எடுத்த போட்டோவுல மாவுக்கட்டுக் கையோட இவ நிக்கிறா. அது வாட்சப்புல சுத்திச் சுத்தி சின்னவ கைக்குப் போயிருச்சு. அன்னைக்கு அவ போன்ல அழுததை நான் எழுத மாட்டேன். ஒன்னே ஒன்னு கேட்டா. "அப்ப இதுவரைக்கும் நல்லா இருக்கோம்னு சொன்னதுல எதைப்பா நான் நம்பறது?" என் கிட்ட பதில் இல்ல.

அதே வருசம் பெரியவனுக்கு இன்னொரு அவமானம். எங்க ஊர்ப் பையன் ஒருத்தனைத் தாம்பரத்துல பாத்திருக்கான். கூடப் படிச்சவன். "உங்கப்பா எப்படி இருக்கார், இன்னும் தூண்டிலோட குளத்துலயே கிடக்காரா"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டிருக்கான். அவங்கப்பா செத்து ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு. சாவுக்குப் போனவன் நான். பதினாறாம் நாள் காரியத்துலயும் சாப்பிட்டவன் நான். மகன்கிட்ட சொல்லணும்னு தோணல. அவனுக்கு எதுக்கு இதெல்லாம்னு விட்டுட்டேன். ஊர்ல நல்லது கெட்டதுக்கு வந்து நிக்கிறதுதான் உறவு. வர முடியாதவன் ஒரு போனாவது பண்ணணும். சேதியே போகலன்னா அவன் எப்படிப் பண்ணுவான்? "பட்டணம் போனதும் மறந்துட்டான்"னு ஊர் பேசுது. பாதிப் பேரு மறக்கல, நாமதான் சொல்லல.

அந்தப் பக்கமும் சுத்தம் இல்ல. மருமக ஒரு நாள் தனியாப் பேசும்போது வாய் தவறிச் சொல்லிட்டா, பெரியவனுக்கு வேலை போய் நாலு மாசம்னு. அந்த நாலு மாசமும் ஞாயித்துக்கிழமை "நல்லா இருக்கோம்ப்பா"தான். அவங்க கடன் வாங்கி வாடகை கட்டிக்கிட்டு இருந்தப்ப, இங்க ரெண்டு மூட்டை அரிசியும் 200 தேங்காயும் சும்மா கிடந்துச்சு. தெரிஞ்சிருந்தா பார்சல்ல போட்டு விட்டிருக்க மாட்டேனா? அவன் கஷ்டம் முழுக்கத் தீந்திருக்காதுதான். சோத்துக்காவது ஆயிருக்கும்.

அதுக்கப்பறம்தான் வீட்டுக்காரி இந்தத் தாள் வேலையை ஆரம்பிச்சா. அவ எட்டாவது வரைக்கும் படிச்சவ. அவளாவே யோசிச்சு செஞ்சது.

இதை ரெண்டு மூணு பேர்கிட்ட சொன்னேன். ஒருத்தர் சொன்னார், "அவனவன் அங்க டிராபிக்லயும் ஈஎம்ஐலயும் செத்துக்கிட்டு இருக்கான், உங்க முட்டி வலியை வேற சொல்லணுமா"ன்னு. நியாயமாத்தான் தெரியுது. ஆனா சொல்லாம விட்டா கவலை குறையறதில்லைங்க. ஒருதடவை மறைச்சது தெரிஞ்சுபோச்சுன்னா, அப்பறம் நாம நெசமாவே நல்லா இருந்தாலும் அவங்க நம்ப மாட்டாங்க. குரல் கொஞ்சம் கம்மினா எதையோ மறைக்கிறாங்கன்னு தூக்கம் கெடும். முட்டி வலி, தைலம் போட்டாச்சு, புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. அவனுக்கும் அளவு தெரியும், எவ்வளவு கவலைப்படணும்னு.

இன்னொருத்தர், "எலி பிடிச்சது, அவரை பூத்தது எல்லாம் அவங்களுக்குப் போர் அடிக்காதா"ன்னார். கெட்ட சேதிய மட்டும் சொன்னா, போன் அடிச்சாலே பயம்தான் வரும். அதனாலதான் அவரைப்பூவும் வேணும்.

எங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு கிறுக்கு உண்டு. எனக்கு மழை. அடியிலேருந்து வாய் வரைக்கும் ஒரே அகலமா இருக்குற கண்ணாடிப் பாத்திரம் ஒன்னைத் திறந்தவெளியில வச்சு, காலையில எட்டரை மணிக்கு ஸ்கேலால அளந்து நோட்டுல குறிப்பேன். 14 வருசக் கணக்கு இருக்கு, கஜா அன்னைக்குத் தவிர. அன்னைக்குப் பாத்திரமே பறந்துருச்சு. போன செவ்வாய் ராத்திரி பெஞ்சது 32 மில்லிமீட்டர். பேத்தி கேட்டா, "32ன்னா எவ்வளவு தாத்தா, ஒரு பக்கெட்டா?" 1 மில்லிமீட்டர்ங்கிறது 1 சதுர மீட்டர்ல 1 லிட்டர். 1 ஏக்கர்ங்கிறது 4,047 சதுர மீட்டர். அப்ப அந்த ஒரு ராத்திரியில ஒரு ஏக்கர்ல விழுந்தது 1,29,000 லிட்டருக்கு மேல. அவங்க தெருவுக்கு வர்ற 12,000 லிட்டர் தண்ணி லாரியில பத்து லாரிக்கும் அதிகம்னு சொன்னேன். அவ வாயப் பொளந்துட்டா. இந்த வாரம் அவ மொட்டை மாடியில ஒரு பாட்டில் வச்சிருக்காளாம்.

வீட்டுக்காரிக்கு விதை. அவரையில நாலு வகை, புடலை, பீர்க்கு, சிறகவரை, எல்லாத்தையும் சாம்பல்ல புரட்டி, காயவச்ச சுரைக்குடுக்கையில போட்டு வப்பா. ஆடியில கேட்டு வர்றவங்களுக்கு ஒரு பிடி அள்ளிக் கொடுப்பா. காசு வாங்க மாட்டா. அடுத்த வருசம் உன் விதையில ஒரு பிடி கொண்டு வான்னு மட்டும் சொல்லுவா. கஜாவுல கூரை போய் குடுக்கை அத்தனையும் நனைஞ்சு முளைச்சு அழுகிருச்சு. ஒரு விதை மிஞ்சல. பத்து வருசமாச் சேத்ததுன்னு ஒரு நாள் பூரா உக்காந்திருந்தா. மறு வருசம் சித்திரையில, அவகிட்ட முன்னால வாங்கிட்டுப் போன பொம்பளைங்க ஒவ்வொருத்தரா முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்தாங்க. வீட்டுல பத்திரமா வச்சது போச்சு, வெளியில கொடுத்தது திரும்பி வந்துச்சு. சேதியும் அப்படித்தான்னு அவ சொல்லுவா. நான் மறுத்துப் பேசுறதில்ல.

இதுல எனக்குன்னு ஒரு சுயநலமும் உண்டு, அதையும் சொல்லிடறேன். எங்களுக்கு இருக்குறது ஒன்றரை ஏக்கர் நஞ்சை, அப்பறம் அந்தத் தென்னங்கொல்லை. புது ஆத்துக் கடைமடை. ஜூன் 12ந்தேதி மேட்டூர் திறந்துட்டாங்கன்னு டிவியில பூ தூவுறதைக் காட்டுவான், எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்து சேர்றதுக்குள்ள கண்ணு பூத்துரும். போன வருசம் பெரியவன் கேட்டான், "வித்துட்டு இங்க வந்துடலாமேப்பா, அதுல என்ன இருக்கு?" எனக்குக் கோவம் வந்துச்சு. ராத்திரி படுத்து யோசிச்சா, அவன் கேட்டதுல தப்பில்ல. பத்து வருசமா அவன்கிட்ட நிலத்தைப் பத்தி நாங்க சொன்னது "பரவால்ல, நல்லாருக்கு" மட்டும்தான். எந்த மடையில தண்ணி வருது, எந்த மூலையில உப்பு பூக்குது, கஜாவுக்கப்பறம் வச்ச தென்னம்பிள்ளை எத்தனை பாளை விட்டிருக்குன்னு எதுவும் அவனுக்குத் தெரியாது. தெரியாத மண்ணு மேல பாசம் எங்கேருந்து வரும்? அவனுக்கு அது ஒரு பத்திரம், ஒரு ரேட்டு.

இப்ப விக்கிறதா வேணாமான்னு இன்னும் முடிவாகல. அவன் மனசு மாறிருச்சுன்னு கதை விட மாட்டேன். ஆனா கேக்குற கேள்வி மாறியிருக்கு. போன வாரம், "23 எலின்னா தூர் எவ்வளவுப்பா வெட்டியிருக்கும், நம்ம வயலுக்கு மட்டுமா, பக்கத்து வயலுக்கும் கிட்டி வச்சாங்களா?"ன்னு கேட்டான். பக்கத்து வயல்ல வைக்கலன்னா எலி வரப்பு தாண்டி வரும்னு அவனுக்குப் புரிஞ்சிருக்கு. நாளைக்கு விக்கிறதுன்னு முடிவானாலும், எதை விக்கிறோம்னு தெரிஞ்சு விக்கட்டும். எனக்கு அது போதும்.

அதனால பட்டணத்துல இருக்குற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போன் போட்டா "என்ன விசேசம்"னு கேக்காதீங்க. அதுக்கு "ஒன்னுமில்ல"ங்கிற பதில்தான் வரும். பேர் சொல்லிக் கேளுங்க. குளத்துல எத்தனை படி தண்ணி நிக்குது? இந்த வாரம் ஊர்ல யார் தவறினாங்க? அம்மா எந்தச் செடி வச்சிருக்காங்க? அப்பா மாத்திரையைப் போடுறாரான்னு அவர்கிட்ட கேக்காதீங்க, அம்மாகிட்ட கேளுங்க. உங்க சேதியையும் சொல்லுங்க. பக்கத்து வீட்டுக்காரர் சண்டை, ஆபீஸ்ல மேனேஜர் திட்டினது, தக்காளி விலை, எல்லாம் எங்களுக்கு வேணும். சம்பளம் ஏறினதை மட்டும் சொல்லிட்டு, வேலை போனதை மறைச்சிடாதீங்க. நாங்க வெள்ளம், வறட்சி, புயல் எல்லாம் பாத்தவங்க. தாங்குவோம்.

ஊர்ல இருக்குற என் வயசுக்காரங்களுக்கும் அதேதான். மறைக்காதீங்க. காலண்டர் தாள் எல்லா வீட்டுலயும் இருக்கு, ஒரு பென்சில் போதும்.

செவலைக்கு வீக்கம் வடிஞ்சுருச்சு, நாளையிலேருந்து பால் ஊத்தலாம்னு டாக்டர் சொல்லிட்டார். நான் புதன்கிழமை முட்டியைக் காட்டப் போகணும். போகலன்னா அன்னைக்குத் தாள்ல அதையும் எழுதிடுவா.