பூச்சு போனா கம்பும் போச்சா?

தூண்டில் கம்பில் வளையங்களைக் கட்டியிருக்கும் நூல் மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? அது ரெண்டு பாகம் கலந்து பூசும் எபாக்ஸி. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மஞ்சளாகும், வெடிக்கும். வெடிப்பு வழியா உப்புத் தண்ணி இறங்கினா வளையத்தின் கால் துருப்பிடிக்கும். உடனே "புதுசு வாங்கிடலாம்"னு கிளம்பாதீங்க. போனது பூச்சு மட்டும்தான்.

அதுக்காக பெயின்ட் ரிமூவரைத் தூக்காதீங்க. கார்பன் ஃபைபர் கம்பில் இழைகளைப் பிடித்து வைத்திருப்பதும் பெரும்பாலும் எபாக்ஸிதான். பூச்சைத் தின்னும் ரசாயனம் கம்பையும் விடாது. பிளேடு போடும் கீறலும் ஆபத்து; பெரிய மீன் இழுக்கும்போது அந்த இடத்துலயே முறியலாம்.

மிதமா சூடு காட்டுங்க, பூச்சு இளகும். வளையத்தின் உலோகக் கால் மேல மட்டும் பிளேடு வைத்து நூலை அறுத்துப் பிரியுங்க. ஒட்டியிருப்பதை பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்க. புது நூல் சுற்றி, எபாக்ஸியைச் சொன்ன அளவில் கலந்து பூசுங்க. அளவு தப்பினா பிசுபிசுப்பு போகாது. இறுகும்வரை கம்பை மெதுவா சுழற்றணும். இல்லேன்னா பூச்சு ஒரு பக்கமா தொங்கிடும்.

"மேட்ரிக்ஸ்", "ஃபைபர்" என்று ரெண்டு மார்க்குக்கு எழுதுறோம். எதை உரிக்கலாம், எங்கே கையை நிறுத்தணும்னு தெரியுறதுதான் அந்தப் பாடம் என்பேன்.