கடல் காற்றாலை: அஸ்திவாரம் யார் தலையில்?

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடி மாதங்களில் காற்று எப்படி அடிக்கும் என்று நாஞ்சில் நாட்டு விவசாயத் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்தக் காற்றை முப்பந்தலில் பிடித்து மின்சாரமாக்கி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது, கரையில் பிடித்தது போதாது, கடலுக்குள் இறங்கிப் பிடிப்போம் என்கிறார்கள். கன்னியாகுமரியிலிருந்து ராமேஸ்வரம் வரையுள்ள கடலை அளந்து பார்த்துக் குறித்தும் வைத்துவிட்டார்கள்.

பிடிக்கட்டும். புகையில்லாத மின்சாரத்தை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் யாருடைய செலவில்? யாருடைய லாபத்துக்கு? இதைக் கேட்காமல் விடமாட்டோம்.

மத்திய சர்க்கார் 2015-ல் கடல் காற்றாலைக் கொள்கையை வெளியிட்டது. 2024 ஜூனில் மத்திய மந்திரிசபை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். இதற்கு 6,853 கோடி. இரண்டு துறைமுகங்களைச் சீராக்க 600 கோடி. இது என்ன பணம்? கடலில் காற்றாலை போட்டால் முதலாளிக்குக் கட்டுப்படியாகாதாம். கட்டுப்படியாவதற்கு எவ்வளவு குறைகிறதோ அதைக் கஜானா நிரப்புமாம். விவசாயிக்கு நெல் விலை கட்டுப்படியாகாதபோது இப்படி ஓடிவந்து நிரப்பிய மந்திரிசபையை நாம் கண்டதுண்டா?

ஏன் கட்டுப்படியாகவில்லை? பெரிய காரணங்களில் ஒன்று அஸ்திவாரம்.

கரையில் குழி தோண்டிக் கான்கிரீட் போட்டால் போதும். கடலில் அலையும் புயலும் நீரோட்டமும் தள்ளும்; அவற்றைத் தாங்கி நிற்க வேண்டும். ஐரோப்பாவில் பெரும்பாலும் ராட்சத இரும்புக் குழாயைக் கடலடியில் சம்மட்டியால் அடித்து இறக்குகிறார்கள். ஒரு வீடு உள்ளே அடங்கும் அகலக் குழாய்! அதைத் தூக்கத் தனிக் கப்பல், அடிக்கத் தனிச் சம்மட்டி. கடல் கொந்தளித்தால் வேலை நிற்கும். கப்பல் வாடகை மட்டும் நிற்காது. அந்தச் சம்மட்டிச் சத்தம் மீன் கூட்டத்தைக் கலைக்கும்.

இதைவிட எளிய வழிகளும் உண்டு. கவிழ்த்த வாளி போன்ற இரும்புப் பெட்டியைக் கடலடியில் வைத்து, உள்ளிருக்கும் தண்ணீரை பம்பு வைத்து உறிஞ்சுவது ஒரு வழி. மேலே நிற்கும் கடல் நீரின் அழுத்தமே வாளியை மண்ணுக்குள் இறக்கிவிடும். உறைகிணறு இறக்கிய கை இதை நொடியில் புரிந்துகொள்ளும். இன்னொரு வழி: கரையிலேயே கான்கிரீட் பீடத்தை வார்த்து, கடலில் கொண்டுபோய்ச் சமன் செய்த தரையில் உட்கார வைப்பது. தன் கனத்திலேயே அது நிற்கும். உள்ளே கூடாக வார்த்தால் படகுபோல் மிதக்கவிட்டு இழுத்துப் போய், தண்ணீர் நிரப்பி மூழ்க வைக்கலாம். பெரிய தூக்குக் கப்பலின் தேவை குறையும். வேலையில் பெரும்பகுதி கரையில் நடக்கும்.

கரையில் நடந்தால் கரையில் உள்ளவனுக்கு வேலை. கம்பி கட்டுகிறவர், வெல்டர், கொத்தனார், சாரம் கட்டுகிறவர் என்று நூற்றுக்கணக்கான கைகள் வேண்டும். பிரான்சில் பெக்காம் கடலில் 71 காற்றாலைகளுக்கும் இப்படிப்பட்ட கான்கிரீட் பீடங்களையே போட்டார்கள். அத்தனையும் லெ ஆவர் துறைமுகத்தில் வார்த்தவை. அந்த நிலையத்தின் சக்தி 497 மெகாவாட். தமிழ்நாட்டுக்குச் சொல்லியிருப்பதும் ஏறக்குறைய அதே அளவுதான். அவர்கள் துறைமுகத்தில் முடிந்தது தூத்துக்குடியில் முடியாதா?

ஆகவே, செலவைக் குறைக்க இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று அறிவின் பாதை: மண்ணைச் சோதித்து, பொருத்தமான அஸ்திவாரத்தைத் தேர்ந்து, நம் கரையில் நம் கைகளால் வார்ப்பது. மற்றொன்று முதலாளி பாதை: அஸ்திவாரத்தைத் தொழிலாளி முதுகில் போடுவது. காண்டிராக்ட் கூலி, பத்திரமில்லாத வேலை, மீனவனுக்கு நஷ்டஈடில்லாத கடல், மலையை உடைத்தெடுக்கும் மலிவுக் கல். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் 'செலவு குறைந்தது' என்றே எழுதப்படும். ஆனால் இரண்டும் ஒன்றா?

முதலாளி பாதையை நாம் முன்பே பார்த்தவர்கள். 1990-களில், காற்றாலை வாங்கிய கம்பெனி அதன் விலை முழுவதையும் முதல் வருஷமே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளச் சர்க்கார் அனுமதித்தது. பஞ்சாலை முதலாளிகள் பலர் ஆரல்வாய்மொழிக்கு ஓடி வந்த ரகசியம் அதுதான். கூலி உயர்வு கேட்ட மில் தொழிலாளிக்கு 'நஷ்டம்' என்று பதில். வரி மிச்சம் பிடிக்கக் காற்றாலை வாங்க மட்டும் பணம்! இறக்கை நம் காற்றில் சுற்றியது. லாபம் அவர்கள் மில்லுக்குப் போயிற்று.

மலைக் கதை தெரியாதா? விழிஞ்ஞம் துறைமுகத்துக்காகக் குமரி மாவட்டப் பாறைகள் இரவு பகலாக லாரிகளில் எல்லை தாண்டின. கான்கிரீட் பீடத்துக்கும் கல் வேண்டும், மணல் வேண்டும். கடலில் காற்றாலை நட மலையை மொட்டையடித்தால், மலை நீரை நம்பியிருக்கும் குளங்களும் வயல்களும் என்னாவது? வயல் போனால் நடவுக் கூலி எங்கே?

கடலோடிகள் கதையோ இன்னும் கசப்பு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனை பேர்! அந்தக் கரையில் இன்றும் விளக்கெரியாத வீடுகள் உண்டு. சர்வதேசக் கடல் சட்டப்படி ஒவ்வொரு கட்டுமானத்தைச் சுற்றியும் 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் போடச் சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. ஐம்பது தூண் நட்டால் ஐம்பது வளையம். வலை விரிக்க எங்கே போவான் மீனவன்? இது அவனிடம் முதலில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயமல்லவா?

'தனியார் வராவிட்டால் யார் கட்டுவது?' என்று சிலர் மடக்குகிறார்கள். டென்மார்க்கைப் பாருங்கள். கோபன்ஹேகன் நகருக்கெதிரே மிடில்குரூண்டன் என்ற இடத்தில் 2000-ம் ஆண்டில் 20 காற்றாலைகள் எழுந்தன. கான்கிரீட் பீடங்களைப் பழைய கப்பல் தளத்தில் வார்த்தார்கள். அதில் பாதிக்குச் சொந்தக்காரர்கள் ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் சேர்ந்த கூட்டுறவுச் சங்கம். மறுபாதி நகரத்தின் மின்சார நிறுவனத்துடையது. அங்கே கடல் ஆழம் குறைவு. நம் கடல் வேறு. எந்த அஸ்திவாரம் பொருந்தும் என்பதை நம் மண்தான் சொல்ல வேண்டும். ஆனால் சொந்தக்காரர் யார் என்பதை மண் சொல்லாது. மக்கள்தான் சொல்ல வேண்டும்.

நாம் கேட்பது இவைதான்:

பொதுப்பணம் போகிற காற்றாலை பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். பொதுத்துறையோ கூட்டுறவோ நடத்தட்டும்.

கடலடி மண் சோதனை முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு மீனவ ஊர்களில் வைக்க வேண்டும். அவர்கள் சம்மதமும் நஷ்டஈடும் முடிவாகாமல் ஒரு தூணும் இறங்கக்கூடாது.

பீடங்கள் தமிழ்நாட்டுக் கரையில் வார்க்கப்பட வேண்டும். காண்டிராக்ட் முறை கூடாது. நிரந்தர வேலை, நியாயமான சம்பளம், விபத்துக் காப்பீடு, உள்ளூர் வாலிபர்களுக்குப் பயிற்சி வேண்டும்.

குமரி மலைகளிலிருந்து ஒரு கல்லும் இதற்குப் போகக்கூடாது. சிமெண்டில் ஒரு பகுதிக்கு மாற்றாக அனல்மின் நிலையச் சாம்பலைப் பயன்படுத்தட்டும்.

மில் தொழிலாளர்களே, விவசாயத் தொழிலாளர்களே! இது கடலோடிகள் பிரச்சினை என்று ஒதுங்காதீர்கள். கரையில் ஏமாந்தோம், கடலிலும் ஏமாறக்கூடாது. சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். மீனவத் தோழர்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தக் காற்றாலைக்கும் முதல் அஸ்திவாரம் உழைக்கிறவன் ஒற்றுமைதான். அதை நாம் போட்டால், மற்றதை யார் தலையில் போடுவது என்ற கேள்வியே எழாது.